ஒரே கிணறு, ஒரே கிருமி: ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன்?

அக்காவின் மகனுக்கு அண்மையில் முதற்பிள்ளை பிறந்தது. கர்ப்பகாலப் பரிசோதனையின்போது, மருத்துவத் தாதி குடும்பத்தின் நோய் விபரங்களைக் கேட்டிருக்கிறார். பரம்பரை நோய் ஏதும் உண்டா, சிறுவயதில் இறந்தவர்கள் யாரும் உண்டா என்றும் கேட்டாராம். "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தான்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானவர்களுள் நாங்களும் இருந்தோம். மீசாலையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் பதினெட்டுப் பேர். ஒரு கிணறு. மாரி காலம். மார்கழியில் அக்காவின் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் சில நாள் இடைவெளியில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயது மூத்தவன் பத்து நாளில் எழும்பிக் கஞ்சி குடித்தான். ஏழு வயது இளையவனுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. மூன்றாவது கிழமை வயிறு ஊதியது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். சத்திரசிகிச்சை செய்ய அங்கே வசதி இருக்கவில்லை. தைப்பொங்கலுக்கு முன்னம் போய்விட்டான்.

பேரப்பிள்ளை பிறந்த அன்றிரவு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ரெண்டு பேரும் ஒரே கிணத்துத் தண்ணியைத்தானே குடிச்சவங்கள். ஒரே சட்டிச் சோறுதானே திண்டவங்கள். சின்னவனை மட்டும் ஏன் கொண்டுபோனது? நான் அவனுக்கு என்னத்தைக் குறைச்சனான்? இது எங்கட ரத்தத்திலயே கிடக்குதெண்டால், இந்தக் குஞ்சுக்கும் வருமோ?"

நான் வைத்தியன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்து, இங்கே நோர்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஐந்தொகை சமப்படாவிட்டால் விடுபட்ட பதிவு எங்கே என்று தேடுவது என் தொழில். அக்கா இத்தனை வருடமாக முழுத்தொகையையும் தன்னுடைய பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார். அது சரியான கணக்கா என்று பார்க்கத்தான், சில மாதங்களாக இதைப்பற்றித் தேடித்தேடி வாசித்தேன். நம் வீடுகளில் இப்படியான கேள்வியோடு இருப்பவர்கள் அக்கா ஒருவர் மட்டுமல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுச் சூழலா, இரத்தமா?

ஒரே கிருமி இரண்டு உடல்களுக்குள் போய் இரண்டு விதமாக நடந்துகொள்ளப் பல காரணங்கள் உண்டு. உள்ளே போன கிருமிகளின் எண்ணிக்கை, பிள்ளையின் வயது, சாப்பாடு, ஏற்கெனவே இருந்த வேறு நோய், மருந்து தொடங்கிய நாள், அந்த மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பது. இவை எல்லாம் மீசாலை வீட்டிலும் இருந்தன. இவற்றுக்கு மேலே, தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருகிற மரபணுக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

இதைப் பிரித்துப் பார்ப்பது லேசான வேலை அல்ல. ஒரே குடும்பத்தில் பலருக்குக் காசநோய் வந்தால், அது இரத்தத்தால் வந்ததா, ஒரே அறையில் படுத்ததால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? பெற்ற தாய் தகப்பனும் வளர்த்த தாய் தகப்பனும் வேறு வேறாக இருக்கும் பிள்ளைகளிடம்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகள் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தன. 1924 முதல் 1926 வரையான காலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தத்துப்போன பிள்ளைகளைக் கொண்ட 960 குடும்பங்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 1988 இல் வெளியிட்டார்கள். பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருந்தால், அந்தப் பிள்ளையும் தொற்றுநோயால் இளமையில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளை பெற்றவர்களோடு வாழவேயில்லை. வளர்த்தவர்கள் தொற்றுநோயால் இறந்திருந்தபோது இப்படியான கூடுதல் தெரியவில்லை.

தொற்றுநோய் என்றால் வெளியிலிருந்து வருவது, பரம்பரை நோய் என்றால் உள்ளிருந்து வருவது என்று பாடசாலையில் இரண்டாகப் பிரித்துப் படித்தோம். அந்தக் கோடு அவ்வளவு நேரானது அல்ல என்பதை இந்தக் கணக்குக் காட்டியது.

மாமனாரும் மருமகனும்

நான் வசிக்கும் பேர்கன் நகரின் நடுவில் சென்ற் யோர்கன் என்ற பழைய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. கடைசி நோயாளர்கள் இருவர் 1946 இல் இறக்கும்வரை அது இயங்கியது. இப்போது நூதனசாலை. மட்டக்களப்பின் மாந்தீவைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மரக் கட்டடத்தின் சின்னஞ்சிறு அறைகளைப் பார்க்கும்போது விளக்கம் தேவைப்படாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரம்தான் தொழுநோய் ஆராய்ச்சியின் தலைநகரம். இங்கே இருந்த பெரிய வைத்தியர் டானியல்சன், 1847 இல் போக் என்பவரோடு சேர்ந்து தொழுநோயைப்பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இது பரம்பரை நோய் என்பது அவருடைய முடிவு. குடும்பம் குடும்பமாக வருவதை அவர் கண்ணால் கண்டார். தொற்றுமா என்று அறிய நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததைத் தன் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே தொற்றாது என்று உறுதிகொண்டார்.

அவரிடம் வேலை பார்த்த இளம் வைத்தியர் அர்மவர் ஹன்சன், 1873 இல் நோயாளிகளின் கட்டிகளில் கோல்போன்ற பக்டீரியாவைக் கண்டார். தொழுநோய்க்குக் காரணம் இந்தக் கிருமியே என்றார். அதே ஆண்டில்தான் அவர் டானியல்சனின் மகளைத் திருமணம் செய்தார். மருமகன் சொன்னது சரியாயிற்று. மாமனாரின் கொள்கை விழுந்தது.

ஆனால் டானியல்சனுக்கு ஏன் நோய் வரவில்லை? மனிதர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு, நூற்றுக்கு 95 பேர் வரை, தொழுநோய்க் கிருமி உடலுக்குள் போனாலும் நோய் வருவதில்லை என்று இன்று அறிவோம். அவர்களின் உடலே அதை அடக்கிவிடும். டானியல்சன் தன் உடலில் செய்து பார்த்தது தொற்று இல்லை என்பதற்கான சான்றாகாது. ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வராது என்பதற்கு அது உதாரணம்.

ஹன்சனுக்குச் சரியாக 100 ஆண்டுகளின் பின், 1973 இல், இந்தியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. இரட்டையரில் ஒருவருக்காவது தொழுநோய் இருந்த 102 சோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். மரபணுக்கள் முழுவதும் ஒத்த 62 சோடிகளில், நூற்றுக்கு 60 அளவில் இரண்டு பேருக்குமே நோய் இருந்தது. சாதாரண சகோதரர்கள்போல மரபணுக்களில் பாதியளவே ஒத்த 40 சோடிகளில், நூற்றுக்கு 20 அளவில்தான் இருவருக்கும் இருந்தது. கிருமி இல்லாமல் எவருக்கும் தொழுநோய் வராது. கிருமி வந்தபின் யாருக்கு முற்றும் என்பதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரபணு முழுவதும் ஒத்திருந்தும், நூற்றுக்கு 40 சோடிகளில் ஒருவர் தப்பியிருக்கிறார். மரபணு முழுக் கணக்கையும் எழுதிவிடுவதில்லை.

ஒரே ஒரு எழுத்துப் பிழை

மரபணு என்பது உடலில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு. எங்களிடம் அப்படி ஏறத்தாழ 20,000 குறிப்புகள். பெரும்பாலானவற்றில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. பக்டீரியா உடலுக்குள் வந்ததைக் கண்டுபிடிக்க, காவலர்களைக் கூப்பிட, பிடித்து விழுங்க, விழுங்கியதைக் கொல்ல, கடைசியில் சண்டையை நிறுத்த என்று ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் புரதங்கள் வேண்டும். எந்தப் படியில் குறிப்புப் பிழைக்கிறதோ அதைப் பொறுத்து, எந்தக் கிருமி மோசமாகத் தாக்கும் என்பது மாறும்.

சில இடங்களில் ஒரே ஒரு மரபணுவின் பிழை போதும். இவை அரிது. ஆனால் நமக்குத் தெளிவாகச் சொல்லித் தருவன இவைதான்.

உங்கள் இடது தோளைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோரின் கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். 1921 இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட இந்தக் காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள பக்டீரியா. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரு சிறு புண்ணோடு ஆறிவிடும். மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அதுவே உடல் முழுவதும் பரவி உயிரை எடுத்தது. காரணம் 1996 இல் வெளியானது. துனீசியக் குழந்தை ஒன்றையும், மோல்டாத் தீவின் குடும்பம் ஒன்றையும் ஆராய்ந்த இரு குழுக்கள் ஒரே மரபணுவில் பிழையைக் கண்டன. கிருமியை விழுங்கிய வெண்குருதிக் கலத்துக்கு, "இப்போது கொல்" என்ற கட்டளையை இன்ரபெரோன் காமா என்ற புரதம் கொண்டுவரும். அந்தக் கட்டளையைக் கேட்கும் 'காது' இந்தப் பிள்ளைகளின் கலங்களில் இல்லை. கிருமி கலத்துக்குள் போகிறது, அங்கேயே சுகமாக வாழ்கிறது. இதே கட்டளைப் பாதையில் வேறு இடங்களில் பிழை உள்ள பிள்ளைகளும் பின்னர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பலரைத் தாக்கிய மற்றைய கிருமி சல்மனெல்லா. நெருப்புக் காய்ச்சலைத் தருவதும் அந்தக் குடும்பத்துக் கிருமிதான்.

இரண்டாவது உதாரணம் பெற்றோர் அனைவரும் அறியவேண்டியது. கிருமி வந்துவிட்டது என்று முதல் மணி அடிக்கும் பாதையில் ஐராக்-4 என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பிழைத்த பிள்ளைகளை 2003 இல் ஆய்வாளர்கள் விபரித்தார்கள். நியுமோகொக்கஸ் போன்ற சாதாரண பக்டீரியாக்கள் அவர்களுக்கு இரத்தத் தொற்றாகவும் மூளைக் காய்ச்சலாகவும் மாறின. மணி அடிக்காததால் காய்ச்சலும் பெரிதாக ஏறாது. இரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவும் ஆரம்பத்தில் குறைவாகவே காட்டும். "காய்ச்சல் பெரிசாய் இல்லைத்தானே" என்று வீட்டில் வைத்திருக்கும்போது பிள்ளை சோர்ந்துவிடும். கணிசமானோர் சிறுவயதிலேயே இறந்தார்கள். ஆனால் தொடர்ந்து நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்துக் காப்பாற்றப்பட்டவர்கள் பதின்ம வயதைத் தாண்டியபின், உயிராபத்தான தொற்றுகள் அரிதாகிவிடுகின்றன. உடல் வேறு வழிகளில் சமாளிக்கப் பழகிவிடுகிறது. ஆபத்தான அந்தச் சில வருடங்களைக் கடத்திவிட்டால் ஒரு முழு ஆயுள் கிடைக்கிறது.

மூன்றாவது, நோர்வேயில் இருப்பவர்களுக்குப் பரிச்சயமான மெனிங்கோகொக்கஸ். எங்கள் பிள்ளைகள் ருஸ் கொண்டாட்டத்துக்கு முன் ஊசி போடுகிறார்களே, அந்தக் கிருமி. எந்த நேரத்திலும் பத்துப் பேரில் ஒருவரின் தொண்டையில் அது சும்மா இருக்கும். மிகச் சிலருக்கே இரத்தத்தில் இறங்கும். இரத்தத்தில் உள்ள ஒரு தொகுதிப் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இந்தக் கிருமியின் சுவரில் துளையிட்டுக் கொல்கின்றன. அந்தத் தொகுதியின் கடைசிப் புரதங்களில் ஒன்று பிறப்பிலேயே இல்லாதவர்களுக்கு, இந்த நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒருமுறை வந்து மாறியவருக்கு மறுபடியும் வருவதும் உண்டு. அப்படி இரண்டாம் தடவை வந்தால், வைத்தியர் தேடவேண்டிய முதற் காரணங்களில் இதுவும் ஒன்று. குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டால் தடுப்பூசியால் பெருமளவு பாதுகாக்கலாம்.

எல்லாரிடமும் உள்ள சிறு வேறுபாடுகள்

மேலே சொன்னவை ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கும் அதைவிட அரிதாகவும் வருபவை. மற்றவர்களிடம் இருப்பது சிறிய வேறுபாடுகள். ஒவ்வொன்றும் தராசைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கும்.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் இரத்த வகை. அதுவும் ஒரு மரபணு வேறுபாடுதான். ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்குக் கொலரா, அதாவது எங்கள் பாட்டிமார் சொன்ன வாந்திபேதி, தொற்றினால் கடுமையாக வரும் வாய்ப்பு மற்ற வகையினரைவிட அதிகம். பல நாடுகளில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. கொலராவின் தாயகமான கங்கைக் கழிமுகப் பகுதியில் ஓ வகையினர் குறைவாக இருப்பதற்கு, நூற்றாண்டுக் கணக்காக அந்த நோய் அவர்களை அதிகம் கொண்டுபோனது காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நம்மவரிலும் மிகப் பலர் ஓ வகையினர். பயப்பட வேண்டாம். இழந்த நீரையும் உப்பையும் உரிய நேரத்தில் கொடுத்தால், கொலராவால் இறப்பவர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. ஓ வகையாக இருந்தாலும் ஏ வகையாக இருந்தாலும் ஜீவனி கரைசல் ஒரேமாதிரி வேலை செய்யும்.

நெருப்புக் காய்ச்சலுக்கும் இப்படி ஒன்று தெரியும். சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பார்களே, எச்.எல்.ஏ. என்ற புரதங்கள், அவற்றின் உண்மையான வேலை பிடிபட்ட கிருமியின் துண்டைக் கலத்தின் வெளியே தூக்கிக் காட்டுவது. காவற் கலங்கள் அதைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காணும். எந்தத் துண்டை நன்றாகத் தூக்கிக் காட்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. வியற்நாமில் நெருப்புக் காய்ச்சல் நோயாளர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, நேபாளத்திலும் சரிபார்த்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட ஓர் எச்.எல்.ஏ. வகை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு குறைவாக இருந்தது. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த இரண்டு பேரில் ஒருவர் தப்புவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளாக இருந்தாலும் இது ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. தாயிடமுள்ள இரண்டு எச்.எல்.ஏ. தொகுதிகளில் ஒன்றும், தகப்பனிடமுள்ள இரண்டில் ஒன்றும் பிள்ளைக்குப் போகும். ஆக நான்கு விதமான சேர்க்கை. இரண்டு சகோதரர்களுக்கு ஒரே சேர்க்கை கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. சிறுநீரகம் கொடுக்க முன்வந்த சொந்தச் சகோதரனுக்கே பொருத்தம் இல்லையென்று கேட்டுத் திகைத்த குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சில வேளைகளில் வேறுபாடு நோய் எதிர்ப்போடு தொடர்பே இல்லாத இடத்தில் இருக்கும். 2009 இல் சிக்காகோவில், கொள்ளை நோய்க் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்த 60 வயது விஞ்ஞானி ஒருவர் அந்தக் கிருமியாலேயே இறந்தார். அவர் கையாண்டது வலுவிழக்கச் செய்த கிருமி. மனித உடலில் இருந்து இரும்பைப் பறித்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இரும்பு இல்லாமல் அது பெருகாது என்பதால்தான் ஆய்வுகூடங்களில் அதைப் பாதுகாப்பானதாகக் கருதினார்கள். இறந்தபின் பரிசோதித்தபோது, உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் குறைபாடு அவருக்கு இருந்தது தெரியவந்தது. கிருமிக்கு இல்லாத குறையை அவருடைய உடலில் இருந்த மிகுதி நிரப்பியிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள்.

தலைவிதி என்று வைத்துவிடாதீர்கள்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "அப்ப எல்லாம் எழுதி வைச்சபடிதான்" என்று சொல்லத் தோன்றும். கணக்கு அப்படிக் காட்டவில்லை.

அரிவாள்கலச் சோகை என்ற பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். நீலகிரியின் பழங்குடிகளிடமும் உண்டு. இந்த நோய் மண்ணீரலைச் சிறுவயதிலேயே கெடுத்துவிடும். இரத்தத்தில் இருந்து நியுமோகொக்கஸ் கிருமியை வடிப்பது மண்ணீரல். ஆகவே இந்தப் பிள்ளைகள் அந்தக் கிருமியால் திடீரென்று இறந்துபோவார்கள். 1986 இல் அமெரிக்காவில் 215 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வில், நாளுக்கு இரண்டு தடவை வாய்வழிப் பெனிசிலின் கொடுத்ததால் அந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. மரபணு மாறவில்லை. மலிவான ஒரு மருந்து, நேரத்துக்குக் கொடுக்கப்பட்டது.

மறுபக்கம், மரபணுவில் பெரிய குறை ஒன்றும் இல்லாத எங்களில் எத்தனையோ பேர் நீரிழிவைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. கால் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முற்றுவதும் அதனால்தான். புலம்பெயர் நாடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழருக்கு, தேடிப்பிடிக்க வேண்டிய அரிய மரபணுவைவிட இரத்தத்தில் உள்ள சீனி பெரிய கணக்கு.

எச்சில் அனுப்பிப் பூர்வீகம் பார்க்கும் பரிசோதனைகளில் இளையவர்கள் இப்போது ஆர்வமாக இருக்கிறார்கள். அவை நான் மேலே சொன்ன அரிய குறைபாடுகளைத் தேடுவதற்காக அமைந்தவை அல்ல. அதில் ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். ஏதோ வந்தது என்று இடிந்துபோகவும் வேண்டாம். தேவையானால் வைத்தியர் மூலம் நோய் எதிர்ப்பு நிபுணரிடம் போவதே வழி.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். நம் தலைமுறை இழப்புகளை வாய்திறந்து பேசுவதில்லை. போரில் போனவர்களைப் பற்றியாவது நினைவு நாளில் பேசுவோம். காய்ச்சலில் போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஆனால் "எங்கள் வீட்டில் ஒரு குழந்தை இன்ன வயதில் இன்ன தொற்றால் இறந்தது" என்ற ஒரு வரி, வைத்தியருக்கு மிகப் பெறுமதியான தகவல். அதிலும் ஆண் குழந்தைகள் மட்டும் இறந்திருந்தால், தாய்வழியாக வரும் குறைபாடுகளை அவர் நினைத்துப் பார்ப்பார். நெருங்கிய உறவில் இப்படி நடந்திருந்தால், பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் போடுமுன் கட்டாயம் சொல்லுங்கள். தாங்களாகத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள், முடிவு வைத்தியருடையது.

இரண்டாவது, சாதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். அது குறைபாடு அல்ல. ஆனால் ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை நியுமோனியா, இரத்தத்தில் அல்லது மூளைச் சவ்வில் அல்லது எலும்பில் இரண்டு தடவை கடுந்தொற்று, மாதக்கணக்காக மருந்து குடித்தும் மாறாத தொற்று, எடை ஏறாத குழந்தை என்றால், "நோய் எதிர்ப்பில் பிறவிக் குறைபாடு இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதற்கு மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம். நோர்வேயில் 2018 முதல், பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் இரத்தத்துளியில் மிகக் கடுமையான எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டையும் பார்க்கிறார்கள். அது எல்லாக் குறைபாடுகளையும் காட்டாது.

மூன்றாவது, காய்ச்சல் எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். எழுப்ப முடியாத சோர்வு, வேகமான மூச்சு, குளிர்ந்த கைகால், அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நான்காவது விடயத்தைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். மேலே சொன்ன கடும் குறைபாடுகளில் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பிழைத்த பிரதி வந்தால்தான் வெளிப்படும். மச்சான் மச்சாள் கலியாணத்தில் அந்த வாய்ப்புக் கூடுகிறது. பிறவிக் குறைபாடு எதுவென்றாலும் எல்லோருக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் இருக்கும் அபாயம், முதல்முறை மச்சான் மச்சாளுக்குச் சுமார் இரு மடங்காகலாம். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள் என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. ஏற்கெனவே முடித்தவர்கள் கவலைப்படுவதைவிட, குடும்ப வரலாற்றை வைத்தியரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது பிரயோசனமானது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. "அந்தக் குடும்பத்தில கசம் இருந்ததாம்" என்று சம்பந்தம் பேசும்போது ஒதுக்கும் வழக்கம் ஊரில் இருந்தது. இங்கும் முழுதாகப் போகவில்லை. சம்பந்தம் பேசுபவர் கேட்டால் இழுக்கு ஆகிவிடும் என்ற பயத்தில்தான் வைத்தியரிடம்கூட மறைக்கிறோம். எந்தக் குடும்பத்தின் மரபணுக்களும் பிழையில்லாதவை அல்ல. மற்றக் குடும்பத்தினது இன்னும் சோதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சொன்னது

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூத்தவனும் இருந்தான். இதையெல்லாம் எனக்கு விளங்கியபடி சொன்னேன்.

சின்னவனுக்கு எந்த மரபணு எப்படி இருந்தது என்று இனி எவராலும் சொல்லமுடியாது. அவனுக்கும் மூத்தவனுக்கும் எதிர்ப்புச் சக்தியின் சீட்டுகள் ஒரேமாதிரி விழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வேறு பதிவுகளும் இருக்கின்றன: பதினெட்டுப் பேருக்கு ஒரு கிணறு, கொதிக்கவைக்க விறகில்லாத மாரி, தட்டுப்பாடான மருந்து, செய்யமுடியாமற்போன சத்திரசிகிச்சை. அந்தப் பிள்ளை எந்தச் சீட்டோடு பிறந்திருந்தாலும், சண்டை இல்லாத ஊரில் அந்த வயிற்றைத் திறந்து தைத்திருப்பார்கள். அக்கா குறைத்தது என்று ஒரு வரி எழுத எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பேரப்பிள்ளையைப் பற்றியும் கேட்டார். அவனுக்குச் சித்தப்பாவுக்கு நடந்ததே நடக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது என்றேன்.

அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூத்தவனைப் பார்த்து, "தம்பீன்ர பேரையும் வயசையும் எழுதிக் குடு. நெருப்புக் காய்ச்சல் எண்டும் எழுது" என்றார். அவன் தொலைபேசியை எடுத்து, அந்தச் சொல்லுக்கு நோர்வே மொழியில் என்ன என்று என்னிடம் கேட்டான்.